ஆச்சியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு: வீட்டு வழக்கங்களைக் கற்றுக்கொள்ள குமரி மாவட்டப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறையில் ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்து, ஓலைக்கொழுக்கட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். நான்கே வரிதான். அரிசி ரெண்டு நாழி. கருப்பட்டி ரெண்டு. தேங்காய் ஒன்று. வெள்ளம் பாகத்துக்கு. (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்.)

அந்த வருடத் திருக்கார்த்திகைக்குச் சென்னையில் தனியாக அடுப்பு மூட்டினேன். நாழி என்றால் படி என்று எங்கோ படித்திருந்தேன். ரெண்டு படி அரிசி, ரெண்டு கருப்பட்டி, ஒரு தேங்காய். வந்ததெல்லாம் இனிப்பும் இல்லாமல் ஈரமும் இல்லாமல் வெடித்த மாவுருண்டைகள். போனில் அழுதபடி சொன்னேன். ஆச்சி திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "எந்த நாழி மக்களே?"

அடுக்களை மூலையில் கிடந்த அந்தச் சின்னப் பித்தளை நாழியை நான் ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஆச்சி என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார். நான் வாயிடம் கேட்டேன், சமாச்சாரம் இருந்தது கையிலும் பாத்திரத்திலும். அன்றிலிருந்து ஆச்சியிடம் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆச்சி, பாட்டி, அம்மாச்சி, அப்பம்மை, அம்மம்மை என்று உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

1. ஒன்றை மட்டும் எடுங்கள், அதன் காலத்தில் எடுங்கள்

"ஆச்சிக்குத் தெரிந்ததை எல்லாம் பதிவு செய்யப் போகிறேன்" என்று கிளம்பினால் ஒன்றும் நடக்காது. ஒரு பலகாரம், ஒரு பாட்டு, ஒரு முடைவேலை, ஒரு நோன்பு. ஒரு தடவைக்கு ஒன்று போதும். அது நடக்கும் காலத்தில்தான் கற்க வேண்டும். ஆடி மாதத்தில் கார்த்திகைக் கொழுக்கட்டை சொல்லித் தரச் சொன்னால் ஆச்சிக்கு மனம் வராது. பண்டிகை நெருங்கும்போது அவருக்குத் தானாக நினைவு வரும் சின்னச் சின்ன விஷயங்கள் வேறு நாளில் வராது.

நம் மாவட்டத்தில் வருடம் முழுக்கக் கற்க ஏதாவது இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க்கு ஔவை நோன்பு. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆவணியில் ஓணத்துக்கு அவியலும் எரிசேரியும் ஓலனும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும்போது அந்தக் குடும்பங்களில் விருந்தாளிகளுக்கென்று தனிச் சமையல். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை. மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்குப் பொங்கலும் மண்டையப்பமும். சித்திரை ஒன்றாம் தேதி கனி காண முந்தின இரவே உருளி நிறைப்பதும், காலையில் சின்னவர்களுக்குக் கைநீட்டமாகக் காசு கொடுப்பதும். கோடையில் அக்கானி (பதநீர்) இறங்கும்போது புதுக் கருப்பட்டி.

எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லையா? அம்மாவுக்குத் தெரியாமல் ஆச்சிக்கு மட்டும் தெரிந்தது எது என்று பாருங்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. ஆச்சியோடு நிற்பதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

2. முதல் தடவை போனைத் தொடாதீர்கள்

இது கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் நான் உறுதியாகச் சொல்வேன். முதல் தடவை போன், நோட்டு, தராசு எதுவும் வேண்டாம். கையாளாக நில்லுங்கள். தேங்காய் துருவுங்கள், உள்ளி (சின்ன வெங்காயம்) உரியுங்கள், சுளவில் பயறு புடைத்துக் கொடுங்கள். கேமரா முன்னால் ஆச்சி யாரோ விருந்தாளிக்குச் சொல்வதுபோல நல்ல தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். கையாள் ஒருத்தி பக்கத்தில் நின்றால் பேச்சு வேறு: "இஞ்ச வந்து நில்லு, அங்கண நின்னா என்னத்த பாப்ப? பைய கிளறு. இப்பம் பாரு, மணம் மாறுதா?"

அந்த "இப்பம் பாரு"தான் பாடம். எந்த இடங்களில் அவர் அப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை எதை அளக்க வேண்டும், எதைப் படம் எடுக்க வேண்டும் என்பதை அந்த இடங்களே சொல்லிவிடும்.

3. அளவை எடுக்கும் முறை

இரண்டாவது தடவை ஒரு சமையலறைத் தராசு வாங்கிப் போங்கள். சில நூறு ரூபாய்தான். ஆனால் ஆச்சியிடம் "நிறுத்துப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். நிறுத்துப் போட்டால் அது அவர் கை இல்லை, கைப்பக்குவம் தடுமாறிவிடும். இப்படிச் செய்யுங்கள்:

வேலை தொடங்கும் முன் மாவுப் பானை, கருப்பட்டி டப்பா, உப்புச் சிரட்டை, எண்ணெய்க் குப்பி என்று ஒவ்வொன்றையும் பாத்திரத்தோடு நிறுத்து எழுதி வையுங்கள். அதன் பிறகு அவர் எப்போதும்போல அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மீதியை அதே பாத்திரத்தோடு மறுபடி நிறுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் அவர் போட்டது எவ்வளவு என்று கிடைத்துவிடும். கையைத் தடுக்காமல் கணக்கு எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தண்ணீரையும் ஒரு செம்பில் நிறுத்து வைத்து இதே முறையில் எடுக்கலாம்.

ஒரு தடவை எடுத்த எண்ணை நம்பாதீர்கள். மூன்று தடவை எடுங்கள். எங்கள் வீட்டில் கொழுக்கட்டைக்கு உப்பும் சுக்கும் மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. தண்ணீர் மட்டும் மூன்று தடவையும் வேறு வேறு. அரிசி எவ்வளவு ஈரத்தோடு இடிபட்டது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ஆக, தண்ணீருக்கு எண் எழுதக் கூடாது, அடையாளம் எழுத வேண்டும் என்று புரிந்தது.

இனி நாழி. இதில்தான் நான் ஏமாந்தேன், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். பழைய தமிழ்க் கணக்கில் இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. அந்த நாழியும் படியும் ஒன்று, ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும். மலையாளக் கணக்கில் நான்கு நாழி சேர்ந்தால்தான் ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. இந்த நாழி சின்னது. திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்தில் இரண்டு கணக்கும் புழங்கின. எனவே புத்தகத்தையோ இணையத்தையோ பார்த்து மாற்றாதீர்கள். ஆச்சியின் நாழியை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை நிறுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர். எங்கள் ஆச்சியின் நாழி பிடித்தது 310. ரெண்டு நாழி பச்சரிசி அரைக் கிலோ வந்தது. நான் சென்னையில் போட்டது அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

அகப்பை, சிரட்டைத் தவி, காப்பித் தம்ளர், சின்ன விரல் கணு, ஒரு பிடி, மூவிரல் நுள்ளு எல்லாவற்றையும் இதே முறையில் நிறுத்து ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் ஆச்சி இனி எதை எப்படிச் சொன்னாலும் உங்களுக்கு விளங்கும்.

4. கண், காது, மூக்கு: எண்ணில் அடங்காதவை

தேங்காயை வறுத்து அரைத்து வைக்கும் தீயல் குழம்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்த் தீயலின் ருசி முழுக்கத் தேங்காய் வறுப்பதில் இருக்கிறது. எத்தனை நிமிடம் என்று கேட்டால் ஆச்சி சொல்ல மாட்டார். அடுப்பு மாறினால், உருளி மாறினால், தேங்காயின் முற்றல் மாறினால் நிமிடமும் மாறும்.

நான் செய்தது இது. ஒரு வெள்ளைத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். துருவிய தேங்காய், நாலு உள்ளி, கொஞ்சம் நல்லமிளகு, கறிவேப்பிலை போட்டுச் சிறுதீயில் ஆச்சி வறுக்க வறுக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு நுள்ளு எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தேன். கடைசியில் வெள்ளையிலிருந்து கருப்பட்டி நிறம் வரை ஒன்பது குவியல். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி "இதில் இறக்கலாமா ஆச்சி?" என்று கேட்டேன். ஏழாவதில் தலையாட்டினார். "எட்டாவதுக்கு அதுவே போயிரும் மக்களே, உருளி சூடு விடாது" என்றார். இறக்கிய பிறகும் சூட்டில் கறுத்துக்கொண்டே போகும் என்பதால் ஒரு நிறம் முன்னாலேயே இறக்க வேண்டும் என்பதை அந்தத் தட்டு இல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அந்தத் தட்டைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அச்சடித்து என் அடுக்களையில் ஒட்டியிருக்கிறேன்.

காதுக்கும் வேலை உண்டு. ஈரம் இருக்கும் வரை தேங்காய் ஒரு மாதிரி சீறும், ஈரம் வற்றியதும் சத்தம் அடங்கி, அகப்பை உரசும் சத்தம் சரசரவென்று மாறும். வத்தலும் (காய்ந்த மிளகாய்) மல்லியும் போடுவது அப்போதுதான், முன்னாலேயே போட்டால் கரிந்துவிடும். அம்மியில் அரைக்கும்போது எண்ணெய் கசிய வேண்டும். மிக்சியானால் தண்ணீர் விடாமல் முதலில் அரைத்து, எண்ணெய் கண்ட பிறகுதான் தண்ணீர். இதையெல்லாம் எழுதும்போது உங்கள் சொல்லில் எழுதாதீர்கள். "பிடிச்சா பிடியணும், விட்டா உதிரணும்" என்று புட்டு மாவுக்கு ஆச்சி சொல்வதை அப்படியே எழுதினால் அதுவே முழுச் செய்முறை.

5. ஒரு முழு உதாரணம்: ஓலைக்கொழுக்கட்டை

மேலே சொன்ன முறையில் மூன்று கார்த்திகைகளில் எடுத்த கணக்கு இது. உங்கள் வீட்டு வழக்கம் கொஞ்சம் வேறாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

பச்சரிசி அரைக் கிலோ. ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். கையில் அள்ளினால் ஒட்ட வேண்டும், ஆனால் நீர் தெரியக் கூடாது. அந்தப் பதத்தில் இடித்தோ மில்லில் திரித்தோ சலித்து, லேசாக வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது, ஆவி அடங்கினால் போதும். கடையில் விற்கும் காய்ந்த மாவில் செய்தால் கல்லாகிவிடும்.

சிறுபயறு 100 கிராம் வறுத்து, உடைத்து, தோல் புடைத்து, முக்கால் வேக்காடாக வேகவைக்க வேண்டும். கருப்பட்டி 350 கிராம். இடித்து 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் அடியில் மண் நெருநெருக்கும். ஒரு தேங்காய்த் துருவல், ஒரு சின்னக் கரண்டி சுக்குப் பொடி, ஆறு ஏலக்காய், ஒரு நுள்ளு உப்பு. எல்லாவற்றையும் மாவில் சேர்த்து, கருப்பட்டிப் பாகைச் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். பாகு முழுவதும் தேவைப்படாமல் போகலாம், போதாமலும் போகலாம். பெருவிரலால் அமுக்கினால் குழி நிற்க வேண்டும், ஓரம் விரியக் கூடாது. ஆச்சி சொல்லும் "பாகம்" அதுதான்.

பனையின் குருத்தோலையைத் துடைத்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். ஓலை நடுவில் மடிந்து வாய்க்கால்போல இருக்கும். அந்த மடிப்புக்குள் மாவை வைத்து அழுத்தி, மேலே இன்னொரு ஓலைத் துண்டால் மூடி, ஓலையைக் கிழித்த நாரால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு அடுக்கி 25 முதல் 30 நிமிடம். ஓலையின் பச்சை மங்கி, மணம் வாசல் வரை வந்தால் வெந்துவிட்டது. மேற்கே சில வீடுகளில் ஓலைக்குப் பதில் தெரளி இலையைக் கும்பிளாகச் சுருட்டி அதில் மாவு வைப்பார்கள். அது வேறு மணம், அதுவும் கற்க வேண்டியதுதான்.

கட்டுவது எழுத்தில் வராது. அதற்கு வீடியோ வேண்டும். ஆச்சிக்கு எதிரே நின்று எடுக்காதீர்கள், கை இடவலம் மாறிக் குழப்பும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண் பார்ப்பதைக் கேமரா பார்க்கும்படி எடுங்கள். பூத்தொடுப்பது, ஓலைப்பெட்டி முடைவது, கோலம், சேலை கொசுவுவது எல்லாவற்றுக்கும் இதே இடம்தான். முகத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கடைசியில் இரண்டு நிமிடம் முகத்தையும் எடுங்கள், பின்னால் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

6. கதை கேட்க: ஆளை அல்ல, பொருளைக் கேளுங்கள்

"பழைய காலம் எப்படி இருந்தது ஆச்சி?" என்றால் "அதெல்லாம் கஷ்டந்தான் மக்களே" என்பதோடு முடிந்துவிடும். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காதில் போடும் ஒரு பாம்படம், ஒரு பழைய பத்திரம், ஒரு ஜெபமாலை, ஓலைக் கடவத்தின் அடியில் மடித்து வைத்த ஒரு கல்யாணச் சேலை. பொருளைக் கையில் கொடுத்து "இது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். நடுவில் அவர் நிறுத்தினால் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் முக்கியமானது.

காலக் கணக்குக்கு ஒரு குறிப்பு. நம் ஆச்சிமாரின் ஜாதகத்திலும் வீட்டுப் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, இருக்கும். அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐக் கூட்டுங்கள். எங்கள் ஆச்சி ஜாதகத்தில் கொல்லம் 1118 கார்த்திகை. 824 கூட்டினால் 1942. பழையவர்கள் சொல்லும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பது கொல்லம் 1099-ன் கடைசியில், 1924 ஜூலையில் திருவிதாங்கூரைப் புரட்டிய வெள்ளம்.

பிறந்த வருடம் தெரிந்துவிட்டால் கேள்விகள் தாமாக வரும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 அன்று ஆச்சிக்கு வயது பதின்மூன்று முடிந்து பதினாலு நெருங்கியிருந்தது. பள்ளியில் அன்று என்ன சொன்னார்கள்? அதற்கு முன் கடைக்குப் போனால் சக்கரம் கொடுத்தாரா, அணா கொடுத்தாரா? பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம் என்று ஆச்சி விரல் மடக்கிக் கணக்குச் சொன்ன வேகம் எனக்கு இன்னும் ஆச்சரியம். கடலோர வீடுகளில் 2004 டிசம்பர் 26 பற்றியும் 2017 ஒக்கிப் புயல் பற்றியும் கேட்கலாம், ஆனால் அவர் தானாக எடுத்தால் மட்டும். ஆள் இழந்த வீட்டில் அதைக் கேள்வியாக வைக்கக் கூடாது.

ஆச்சியின் ஆச்சியைப் பற்றிக் கேட்க மறவாதீர்கள். மார்பை மறைக்கத் தோள்சீலை போடும் உரிமைக்காகப் பெண்கள் பட்ட பாடும், 1859-ல் திருவிதாங்கூர் மன்னர் பிரகடனம் வெளியிட நேர்ந்ததும் பாடப் புத்தகத்துச் சரித்திரம் மட்டுமல்ல. நம்மில் பலர் வீடுகளில் நான்கைந்து தலைமுறைக்கு முந்தின ஒரு பெண்ணின் உடம்பில் நடந்தது. அது ஒரு வரியாக, ஒரு பழமொழியாக, ஒரு கோபமாக இன்னும் இருக்கலாம்.

7. பாட்டு

தாலாட்டைக் கேட்டால் சும்மா பாட மாட்டார், வரியும் வராது. தொட்டிலில் ஒரு குழந்தை வேண்டும். அண்டை வீட்டுக் குழந்தையானாலும் சரி, மடியில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஒப்பாரியைச் சாவு விழாத வீட்டில் பாடச் சொல்வது தவறு. பெரியவர்கள் அதை அபசகுனமாக நினைப்பார்கள். அதை மதியுங்கள். சிலர் வீட்டை விட்டு வெளியே, தோப்பில் வைத்து வரிகளை ராகமில்லாமல் சொல்லித் தர ஒப்புவார்கள். ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

8. எழுதக் கூடாதவை

"அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி" என்ற சொலவடையைக் கேட்டிருப்பீர்கள். ஔவை நோன்புக்கு நாள் சொல்வது அது. செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் எல்லாரும் போன பிறகு, சின்னப் பையன்கள்கூட இல்லாமல், பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாக் கொழுக்கட்டை செய்து, கதை சொல்லி, விடியும் முன் முடித்துவிடும் நோன்பு. தாழக்குடிப் பக்கத்து ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாயில் கூடும் பெண்களைப் பார்த்தால் இது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

நான் முதன்முதலாக இதில் உட்கார்ந்தபோது இடுப்பில் போனைச் செருகியிருந்தேன். அதைப் பார்த்து ஆச்சி எதுவும் சொல்லவில்லை, கதையை மட்டும் தொடங்கவில்லை. எழுந்து போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். தொடங்கினார். அந்தக் கதையையும் கொழுக்கட்டையின் வடிவங்களையும் நான் எங்கும் எழுதவில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். அதைக் காப்பாற்ற ஒரே வழி, வருடா வருடம் போய் உட்கார்ந்து மனப்பாடமாக்குவது. எழுதினால் நோன்பின் பாதி போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஆகவே எதை எடுத்தாலும் முதலில் கேளுங்கள்: இதை எழுதலாமா? குடும்பத்துக்குள் காட்டலாமா? வெளியே போடலாமா? மூன்றும் மூன்று கேள்வி. முதலாவதற்குச் சரி என்றவர் மூன்றாவதற்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

9. எழுதி வைத்துவிட்டு, செய்யாமல் விட வேண்டியவை

ஆச்சி சொன்னது என்பதற்காக எல்லாவற்றையும் தொடர வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சீனித் தண்ணீரோ தொட்டு வைப்பது பல வீடுகளில் வழக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தைக்குக் கடுமையான நோயை உண்டாக்கும். பேறுகால மருந்து, கஷாயம், லேகியம் இவற்றின் செய்முறையை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் பச்சை உடம்புக்காரிக்கோ குழந்தைக்கோ கொடுக்காதீர்கள். மாதவிடாய் நாளில் ஒதுக்கி வைப்பதை என் வீட்டில் நான் நிறுத்திவிட்டேன். ஆச்சியிடம் நேராகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சின்ன வயதில் மழையில் வெளித்திண்ணையில் படுத்துக் கிடந்த ஒரு ராத்திரியைச் சொன்னார். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

10. பாதுகாப்பது

ஒரு கெட்டி அட்டை நோட்டு, பென்சில் அல்லது மையழியாத பேனா. வலப்பக்கம் செய்முறை, இடப்பக்கம் ஆச்சி சொன்ன சொற்கள் அப்படியே. வெள்ளத்தைத் தண்ணீர் என்றும் நல்லமிளகை வெறும் மிளகு என்றும் திருத்தாதீர்கள். வீடியோக் கோப்புக்கு வருடம், மாதம், என்ன வேலை, யார் என்று பெயர் வையுங்கள். போனில் ஒன்று, வேறொரு வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என மூன்று பிரதி. போன் தொலைந்து ஆச்சியின் குரலும் தொலைந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் கற்கலாம். ஆனால் ஆச்சி செய்து நீங்கள் பார்ப்பதைவிட, நீங்கள் செய்து ஆச்சி பார்ப்பது நல்லது. திருத்த வேண்டிய இடத்தில் அவர் சும்மா இருக்க மாட்டார்.

மறதி வந்த ஆச்சியானால் மனம் தளராதீர்கள். பெயர்கள் போன பிறகும் கை பல காலம் நினைவு வைத்திருக்கும். கேள்வி கேட்டு அவரைத் திணறடிக்காமல், ஓலையையோ பூவையோ நாரையோ மடியில் வையுங்கள்.

11. அவர் முன்னால் நீங்கள் செய்வது

இது விடக் கூடாத படி. ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யுங்கள். அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு இடமும் உங்கள் குறிப்பில் விடுபட்ட இடம். போன கார்த்திகைக்கு நான் செய்தபோது மூன்று இடத்தில் பேசினார். ஏலக்காயைத் தோலோடு இடிக்கச் சொன்னார். கட்டும் நாரை நனைக்கச் சொன்னார், நனைக்காவிட்டால் அறும். மூன்றாவது, முதல் கொழுக்கட்டையைப் பிரிக்காமல் விளக்குக்கு முன் வைக்கச் சொன்னார். மூன்று வருடம் பக்கத்தில் நின்று பார்த்தும், அந்த முதல் கொழுக்கட்டை தனியாகப் போவதை நான் கவனித்ததே இல்லை.

இந்த வருடம் தொடங்குகிறவர்களுக்கு: குருத்தோலை கார்த்திகைக்கு முந்தின நாள் வடசேரிச் சந்தையில் தேடினால் கிடைப்பது உறுதியில்லை. ஒரு வாரம் முன்னாலேயே பனையேறுகிறவர் யாரிடமாவது சொல்லி வையுங்கள். எத்தனை ஓலை வேண்டும் என்று ஆச்சியிடமே கேட்டுச் சொல்லுங்கள்.